ஆப்பின் பெயரும் கையெழுத்தும்: ஏலமலையில் நாங்கள் எடை போட்டுப் பார்த்த வழிகள்

கம்பத்திலிருந்து விடியும் முன்னே ஜீப்புகள் கிளம்பிவிடும். சில கம்பம்மெட்டு ஏறும், சில லோயர் கேம்ப் தாண்டி குமுளி வழியாகப் போகும். எல்லாம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டிகள். அந்தத் தோட்டங்களில் சிலவற்றுக்கு நானும் என் நண்பரும் சேர்ந்து ஒரு கணக்கு ஆப் செய்து கொடுத்திருக்கிறோம். இன்று யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பச்சைக்காய் எடுத்தார், ஸ்டோரில் உலர்த்திய பின் எவ்வளவு நின்றது என்பதைப் பதிவதுதான் அதன் வேலை. ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்ந்த காய் நிற்க வேண்டும். குறைந்தால் எங்கே குறைந்தது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். ஆப் தமிழிலும் மலையாளத்திலும் ஓடுகிறது. பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் டவர் கிடைக்காது என்பதால் எடையெல்லாம் முதலில் போனிலேயே தங்கும். மேட்டுக்கு வந்து சிக்னல் பிடித்த பிறகுதான் சர்வருக்குப் போகும்.

காயெடுப்பு மும்முரமாக நடந்த ஒரு செப்டம்பரில் என் லேப்டாப்பின் போர்டு போய்விட்டது. புது லேப்டாப் வாங்கி, கிட் (git) களஞ்சியத்தில் சேமித்திருந்த நிரலை இறக்கி, ஒரு சின்னத் திருத்தம் செய்து, ஆண்ட்ராய்டில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஏபிகே கோப்பை வழக்கம்போல வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துக் கணக்குப்பிள்ளை போன் செய்தார்.

“தம்பி, ஆப் இன்ஸ்டால் ஆகலைனு வருது. பழசை அழிச்சிட்டுப் போடட்டுமா?”

“போடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தையில் மூன்று நாள் எடை போனது. சிக்னல் கிடைக்காமல் அந்தப் போனிலேயே தங்கியிருந்த எடை அது. கங்காணியின் நோட்டில் பாதி இருந்தது. மீதியைப் பெண்கள் சொன்ன கணக்கை நம்பி எழுதினோம். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்களின் எடை அது. இன்றும் எனக்கு அது ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நாங்கள் ஆப் செய்யும் கருவியான ஃபிளட்டரில் புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்கினால், வெளியே கொடுக்கும் ரிலீஸ் பில்டும் டீபக் (debug) சாவியால்தான், அதாவது சோதனைக்கான டிஜிட்டல் சாவியால்தான், கையெழுத்தாகும். அதை மாற்று என்று கோப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கும். நான் மாற்றவில்லை. டீபக் சாவி ஒவ்வொரு கணினியிலும் தனியாக, தானாக உருவாகிற ஒன்று. புது லேப்டாப்பில் உருவான சாவி வேறு. ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை, பழைய ஆப்பின் பெயரில் யாரோ வேறொருவர் வந்து கதவைத் தட்டுகிறார். அது திறக்க மறுத்தது சரியான செயல். அப்படி மறுக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் போலி அப்டேட் செய்து உள்ளே இருக்கும் கணக்கைப் படித்துவிடலாம்.

ஆக இரண்டு விஷயம். ஒன்று ஆப்பின் அடையாளப் பெயர்: ஆண்ட்ராய்டில் அப்ளிகேஷன் ஐடி, ஐபோனில் பண்டில் ஐடி. ஐகானுக்குக் கீழே தெரிகிற பெயர் வேறு. அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி அது. அடையாளப் பெயர் என்பது நிலத்தின் சர்வே எண். இரண்டாவது, கையெழுத்து. வங்கியில் கொடுத்து வைத்த மாதிரிக் கையெழுத்தோடு செக்கில் போட்டது பொருந்த வேண்டும், அதுபோலத்தான். இந்த இரண்டிலும் எடுக்கிற முடிவுகளில் சிலதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், சிலதை மாற்றவே முடியாது. ஒவ்வொரு வழியையும் நாங்கள் அந்தக் கண்ணோட்டத்தில்தான் ஒப்பிட்டோம். வசதி எது என்பதைப் பிறகு பார்த்தோம்.

முதலில் பெயர்.

எங்களுக்கு வந்த முதல் கேள்வி, தோட்டத்துக்கு ஒரு ஆப்பா, எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே ஆப்பா என்பது. தோட்டக்காரர்களுக்குத் தங்கள் பெயரில், தங்கள் லோகோவோடு இருந்தால் பெருமை. ஒருவர் அதற்குக் கூடுதல் பணமும் தருவதாகச் சொன்னார். ஆனால் தனித்தனி ஆப் என்றால் தனித்தனி அடையாளப் பெயர், தனித்தனி ஸ்டோர் பக்கம், ஒவ்வொன்றுக்கும் நோட்டிஃபிகேஷன் அமைப்பு, ஒவ்வொன்றுக்கும் அப்டேட். ஒரு பிழையைத் திருத்தினால் பத்து முறை ஏற்ற வேண்டும். அதோடு ஆப்பிளின் விதிகளில் ஒன்று, ஒரே வார்ப்பில் செய்த ஆப்களை அந்தந்த வாடிக்கையாளரே தன் கணக்கிலிருந்து சமர்ப்பிக்க வேண்டும் என்கிறது. எங்கள் கணக்கிலிருந்து பத்து பெயரில் ஒரே ஆப்பை ஏற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இங்கே தோட்டம் கை மாறும். குத்தகைக்குப் போகும், பாகம் பிரியும், பெயர் மாறும். மாறவே மாறாத ஒரு அடையாளத்தில், மாறக்கூடிய பெயரை எழுதி வைப்பது தவறு. ஒரே ஆப், உள்ளே நுழைந்ததும் தோட்டத்தின் பெயரும் லோகோவும் வரும் என்று முடிவு செய்தோம். அந்த முதலாளியும் பிறகு சமாதானமாகிவிட்டார்.

மலையாளத்துக்குத் தனி ஆப் போடலாமா என்றும் ஒருவர் கேட்டார். வேண்டாம். மொழி ஆப்புக்கு உள்ளே இருக்க வேண்டியது. ஒரே தோட்டத்தில் கணக்குப்பிள்ளை தமிழில் பார்ப்பார், மேனேஜர் சேட்டன் மலையாளத்தில் பார்ப்பார். இருவரும் ஒரே எடையைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, பெயரை எப்படி எழுதுவது. டொமைனைத் திருப்பிப் போடுவது வழக்கம். இரண்டு ஸ்டோருமே அந்த டொமைன் உங்களுடையதா என்று கேட்பதில்லை. இருந்தாலும் சொந்த டொமைனையே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு இணைப்பை அழுத்தினால் நேராக ஆப் திறக்க வேண்டும் என்று வந்தால், அந்த டொமைனில் ஒரு கோப்பு வைக்க வேண்டியிருக்கும். எழுத்துகளில் ஒரு சிக்கல் உண்டு. ஐபோன் பண்டில் ஐடியில் இடைக்கோடு வரலாம், அடிக்கோடு வரக்கூடாது. ஆண்ட்ராய்டில் நேர் எதிர்: அடிக்கோடு வரலாம், இடைக்கோடு கூடாது. இரண்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டுமென்றால் சின்ன எழுத்தும் எண்ணும் புள்ளியும் மட்டும்தான் வழி. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு துண்டும் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், குறைந்தது இரண்டு துண்டு வேண்டும். நம் ஊரில் டாட் இன் டொமைன் வைத்திருப்பவர்கள் அதிகம். திருப்பிப் போட்டால் முதல் துண்டே “இன்” என்று வரும். அது கோட்லின் மொழியில் ஒதுக்கப்பட்ட சொல். அதற்காக அடையாளப் பெயரை மாற்ற வேண்டாம். நிரலுக்குள் இருக்கும் நேம்ஸ்பேஸ் வேறு, வெளியே தெரியும் அப்ளிகேஷன் ஐடி வேறு. நேம்ஸ்பேஸை வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

“காம் டாட் எக்ஸாம்பிள்” என்று தானாக வரும் பெயரை முதல் நாளே மாற்றிவிடுங்கள். பிளே ஸ்டோர் அதை ஏற்காது. கையில் கொடுக்கும்போது ஓடும் என்பதால் பலர் அப்படியே பரப்பிவிடுகிறார்கள், பிறகு ஸ்டோருக்குப் போகும்போது எல்லாப் போனிலும் புதிதாகப் போட வேண்டி வருகிறது. ஸ்டோரில் ஒரு பில்டை ஏற்றிவிட்டால் பெயர் அதோடு முடிந்தது. இரு பக்கமும் மாற்ற முடியாது. பிளேயில் ஆப்பை நீக்கினாலும் அந்தப் பெயரை மறுபடி பயன்படுத்த முடியாது.

சோதனைக்குத் தனிப் பெயர் வேண்டுமா? ஆண்ட்ராய்டில் கட்டாயம் வேண்டும் என்பேன். பின்னொட்டாக “டெஸ்ட்” என்று சேர்த்தால் உண்மையான ஆப்பும் சோதனை ஆப்பும் ஒரே போனில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கங்காணியின் போனில் புதிய அம்சத்தைக் காட்டுகிறேன் என்று அவருடைய அன்றாடக் கணக்கின் மேல் கை வைக்கக் கூடாது. ஃபயர்பேஸ் போன்ற பின்னணிச் சேவைகளில் இரண்டு பெயரையும் பதிய வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை. ஐபோனில் இந்த அளவு அவசியம் எங்களுக்கு இல்லை. எங்கள் மேக்கில் ஓட்டிப் பார்க்க மட்டும் ஒரு தனி பண்டில் ஐடி, ஆப்பிளின் சோதனை வெளியீட்டு வசதியான டெஸ்ட்ஃபிளைட்டுக்கு உண்மையான ஐடி என்று வைத்துக்கொண்டோம். நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஆப்புக்கும் பொதுவாக ஒரு ஐடி எடுக்கிற வசதி ஆப்பிளில் உண்டு. ஆனால் அதில் புஷ் நோட்டிஃபிகேஷன் வராது, ஆப்புக்குள் வாங்குதல் வராது. விளையாட்டாகச் செய்து பார்க்க மட்டும் அது போதும்.

இப்போது ஆண்ட்ராய்டு கையெழுத்து. எங்கள் ஊர்களில் பெரும்பாலான போன் ஆண்ட்ராய்டுதான், அடிபட்டதும் அங்கேதான். ஆகவே இங்கே அதிக நேரம் செலவிட்டோம். மூன்று வழி இருந்தது.

முதல் வழி, சாவி முழுக்க நம்மிடம். சாவியை வைக்கும் கோப்பான கீஸ்டோர் ஒன்றை உருவாக்கி, அதால் கையெழுத்திட்டு, ஏபிகேயை நேராகக் கொடுப்பது. ஸ்டோர் வேண்டாம், கட்டணம் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். குமுளியில் வண்டி நிற்கும் ஐந்து நிமிடத்தில் பெரியவருக்குப் போனில் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் சாவி தொலைந்தால் அந்த ஆப் அந்த நாளோடு உறைந்து போகும். யாரிடமும் முறையிட முடியாது. தெரியாத இடத்திலிருந்து வந்த ஆப் என்று போன் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போக மக்களை நாமே பழக்குகிறோம் என்பது எனக்கு உறுத்தல். நம் ஆப்புக்காக “அனுமதி” அழுத்தியவர், அடுத்த வாரம் வங்கி பெயரில் வரும் போலிக் கோப்புக்கும் அதையே அழுத்துவார். இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டோருக்கு வெளியே தரப்படும் ஆப்களுக்கும், செய்தவர் தன் அடையாளத்தைப் பதிந்து சரிபார்த்திருக்க வேண்டும் என்ற திட்டத்தை கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. முதலில் நான்கு நாடுகளில் என்றார்கள், அதில் இந்தியா இல்லை. ஆனாலும் இந்த வழியை மட்டும் நம்பி இனி ஒரு தொழிலை நடத்த முடியாது என்று எங்களுக்குத் தோன்றியது.

இரண்டாவது வழி, பிளே ஸ்டோர், சாவி கூகுளிடம். 2021 ஆகஸ்டிலிருந்து புதிய ஆப்கள் ஏபிகேயாக இல்லாமல் ஆப் பண்டில் என்ற தொகுப்பு வடிவில்தான் ஏற வேண்டும்; அதோடு பிளே ஆப் சைனிங்கும் கட்டாயம். இதில் இரண்டு சாவி. பயனர் போனில் போய்ச் சேரும் ஆப்பில் கையெழுத்திடுவது கூகுள் வைத்திருக்கும் சாவி. நாம் ஏற்றும்போது போடுவது அப்லோடு சாவி. இது நம் ஆள்தான் ஏற்றினார் என்று கூகுளுக்குக் காட்ட மட்டும். லேப்டாப் போய் அப்லோடு சாவி தொலைந்தாலும், ஆப் செய்பவர்களுக்கான கூகுளின் பக்கமான பிளே கன்சோலில் கேட்டு வேறு சாவி பதிந்துகொள்ளலாம். பயனருக்கு எதுவும் தெரியாது. இருவர் மூவர் மட்டும் சேர்ந்து வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

மூன்றாவது வழி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாமே சாவி உருவாக்கி, அதன் பிரதியைக் குறியாக்கி கூகுளிடம் கொடுப்பது. முதல் ரிலீஸின்போது இந்த வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படிச் செய்தால் பிளேயிலிருந்து வருவதும் நாம் கையில் கொடுக்கும் ஏபிகேயும் ஒரே கையெழுத்து. ஒன்றின் மேல் இன்னொன்று அப்டேட் ஆகும்.

இந்த மூன்றாவது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். இரண்டாவது வழியில் போகிறவர்கள் பலரும் ஒரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். பிளேயில் ஆப் இருக்கிறது. யாரோ ஒருவருக்கு அவசரம் என்று, தன் கணினியில் பில்ட் செய்த ஏபிகேயை அனுப்புகிறார்கள். அதில் இருப்பது அப்லோடு சாவியின் கையெழுத்து; போனில் இருப்பது கூகுள் சாவியின் கையெழுத்து. பொருந்தாது. மறுபடி “அழித்துவிட்டுப் போடுங்கள்”. எங்களுக்கு நேர்ந்த அதே கதைதான்.

ஆனால் இதற்கு மூன்றாவது வழிதான் தேவை என்று இல்லை. பிளே கன்சோலில் ஆப் பண்டில் எக்ஸ்ப்ளோரர் என்ற பகுதியில், கூகுள் சாவியால் கையெழுத்தான முழு ஏபிகேயை இறக்கிக்கொள்ளலாம். அதைக் கையில் கொடுத்தால் பின்னால் பிளேயிலிருந்து வரும் அப்டேட் ஒழுங்காக ஏறும். செலவு என்னவென்றால், கையில் கொடுக்கிற ஒவ்வொரு பதிப்பும் ஒரு முறை கன்சோல் வழியாகப் போய் வர வேண்டும். சில நிமிட வேலை. இதில் ஒரு எச்சரிக்கை: இன்டர்னல் ஆப் ஷேரிங் என்று இன்னொரு வசதி இருக்கிறது, இணைப்பு அனுப்பினால் உடனே இறக்கலாம். அது வேறொரு தனிச் சாவியால் கையெழுத்திடும். சோதனைக்கு நல்லது, தோட்டத்துப் போனில் அதைப் போடக் கூடாது.

நாங்கள் இரண்டாவதையே எடுத்தோம். சாவியை நாங்களே வைத்திருப்பதில் கிடைக்கிற சுதந்திரம் எனக்குப் பிடிக்கும். வேறு ஸ்டோர்களிலும் ஆப்பை வைக்கப் போகிறவர்கள், அரசுத் துறைக்கோ பெரிய நிறுவனத்துக்கோ செய்து, சாவியைப் பத்திரமாக வைக்க ஆளும் முறையும் உள்ளவர்கள் மூன்றாவதற்குப் போகலாம். ஆனால் சாவி நம்மிடம் இருந்தால் தொலையவும் செய்யும், திருடு போகவும் செய்யும். திருடு போனால் நம் பெயரிலேயே ஒருவர் அப்டேட் தயாரிக்கலாம். பழைய லேப்டாப்பை நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன் என்பதை நேர்மையாக நினைத்துப் பார்த்தால், எனக்கு இரண்டாவதுதான் சரி.

பிளேக்குப் போவதில் வேறொரு தடையும் இருந்தது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், பொதுவில் வெளியிடும் முன், நாம் சேர்த்தவர்கள் மட்டும் பயன்படுத்தும் மூடிய சோதனை நடத்த வேண்டும். முதலில் இருபது பேர் என்றிருந்தது, பிறகு பன்னிரண்டு பேராகக் குறைத்தார்கள்; பதினான்கு நாள் தொடர்ந்து சேர்ந்திருக்க வேண்டும். நிறுவனக் கணக்குக்கு இது இல்லை. நாங்கள் அப்போது தனிநபர் கணக்கில்தான் இருந்தோம், ஆகவே நான்கு தோட்டத்துக் கணக்குப்பிள்ளைகள், கங்காணிகள், எங்கள் வீட்டு ஆட்கள் என்று சேர்த்தோம். அந்த இரண்டு வாரத்தில்தான் மலையாள எழுத்து ஒரு பழைய போனில் உடைந்து தெரிவது தெரியவந்தது. கணக்குக் கட்டணம் 25 டாலர், ஒரே முறை.

சாவி மாறும்போது மறக்கக்கூடாத இன்னொன்று, சாவியின் கைரேகை, அதாவது அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறி. கூகுள் லாகின், மேப் போன்றவற்றுக்கு நம் சான்றிதழின் ஷா-1 கைரேகையைப் பதிந்திருப்போம். டீபக் சாவியின் கைரேகை மட்டும் பதிந்திருந்தால் நம் கணினியில் லாகின் வேலை செய்யும், பிளேயிலிருந்து இறக்கினால் வேலை செய்யாது. பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தில் கூகுள் சாவியின் கைரேகை தனியாக இருக்கும். அதையும் பதிய வேண்டும். இந்த ஒன்றுக்காக இரவு முழுக்க நிரலுக்குள் பிழையைத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

ஐபோன் பக்கம் வருவோம். எங்களிடம் ஐபோன் வைத்திருப்பவர்கள் தோட்ட முதலாளிகளும் வெளியூரில் இருக்கும் அவர்கள் பிள்ளைகளும்தான். எண்ணிக்கை குறைவு, ஆனால் பணம் கொடுப்பவர்கள் அவர்கள்.

ஆப்பிளில் கையெழுத்து என்பது நான்கு பொருள் சேர்ந்தது: சான்றிதழ், அதற்குரிய ரகசியச் சாவி, ஆப் ஐடி, இவற்றை ஒன்றாகக் கட்டும் புரொவிஷனிங் புரொஃபைல். சான்றிதழும் புரொஃபைலும் ஓராண்டில் காலாவதியாகும். இங்கே ஆண்ட்ராய்டைப் போன்ற பயம் தேவையில்லை. ஆப் ஸ்டோரில் இருக்கும் ஆப், சான்றிதழ் காலாவதியானாலும் ஓடும். புதிதாக ஏற்றத்தான் புதுச் சான்றிதழ் வேண்டும். தொலைந்தால் வேறு எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் இழக்கக் கூடாதது ஆப்பிள் கணக்குதான்.

ஐபோன் ஆப் செய்ய ஆப்பிள் தரும் மென்பொருளான எக்ஸ்கோடிலேயே தானியங்கிக் கையெழுத்து இருக்கிறது. ஒரு மேக், ஒரு ஆள் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். 2016இல் எக்ஸ்கோடு 8 வந்ததிலிருந்து இது நன்றாகவே வேலை செய்கிறது. 2021இல் வந்த எக்ஸ்கோடு 13இலிருந்து வெளியீட்டுச் சான்றிதழை ஆப்பிளின் சர்வரிலேயே வைத்துக் கையெழுத்திடவும் முடிகிறது. கையால் செய்வது, அதாவது சான்றிதழையும் புரொஃபைலையும் நாமே இறக்கிப் பொருத்துவது, பில்ட் சர்வரில் ஓட்டுபவர்களுக்கு. ஆப் வெளியிடும் வேலையைத் தானியங்கியாக்கும் ஃபாஸ்ட்லேனில் மேட்ச் என்ற கருவி இருக்கிறது. சான்றிதழையும் சாவியையும் குறியாக்கி ஒரு தனி கிட் களஞ்சியத்தில் வைத்து எல்லோரும் அதையே எடுத்துக்கொள்வது. மூன்று பேருக்கு மேல் என்றால் அதுதான் ஒழுங்கு. இரண்டு பேராக இருக்கும்போது எங்களுக்கு அது பாரமாகத்தான் தெரிந்தது. அதன் கடவுச்சொல்லையும் ஒரு இடத்தில் காப்பாற்ற வேண்டும் அல்லவா?

இருவர் வேலை செய்யும் இடத்தில் வழக்கமாக நடக்கும் விபத்து ஒன்று. இரண்டாமவரின் மேக்கில் வெளியீட்டுச் சான்றிதழின் ரகசியச் சாவி இருக்காது. திரையில் பிழை வரும், பழையதை ரத்து செய் என்று ஒரு பொத்தான் தெரியும். அழுத்திவிடுவார். முதலாமவரின் புரொஃபைல்கள் செல்லாமல் போய்விடும். ஸ்டோரில் இருக்கும் ஆப்புக்கு ஆபத்தில்லை, ஆனால் ஆட் ஹாக் முறையில் நேராகப் போன்களில் போட்டுக் கொடுத்தது திறக்காமல் போகலாம். முதல் மேக்கில் சாவிகளைச் சேமித்து வைக்கும் கீசெயினிலிருந்து பி12 கோப்பாக ஏற்றுமதி செய்து இரண்டாவது மேக்கில் போட்டுக்கொள்வதுதான் சரியான வழி.

முதலாளிகளுக்கு எப்படிக் கொடுப்பது? ஆட் ஹாக் என்றால் ஒவ்வொரு போனின் யுடிஐடி என்ற தனி அடையாள எண்ணையும் வாங்கிப் பதிய வேண்டும். ஆண்டுக்கு ஐபோன் நூறுதான் வரம்பு, நடுவில் ஒன்றை நீக்கினாலும் அந்த இடம் அந்த ஆண்டுக்குத் திரும்ப வராது. கட்டப்பனையில் இருக்கும் ஒருவரிடம் போனைக் கணினியில் செருகி எண் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்பது நடக்கிற காரியமில்லை. டெஸ்ட்ஃபிளைட் சுலபம், பத்தாயிரம் பேர் வரை வெளியாட்களைச் சேர்க்கலாம். ஆனால் ஒரு பில்ட் 90 நாளில் காலாவதி. காயெடுப்பு அதைவிட நீளம்; ஆவணித் தொடக்கத்தில் போட்டுக் கொடுத்தது கார்த்திகையில் திறக்காது. ஆகவே டெஸ்ட்ஃபிளைட்டை நிரந்தர வழியாக வைக்க முடியாது. 2022இலிருந்து ஆப்பிளில் பட்டியலிடாத ஆப் என்ற வழி இருக்கிறது. ஆப் ஸ்டோரில்தான் இருக்கும், தேடினால் வராது, இணைப்பு உள்ளவர் மட்டும் இறக்கலாம். ஆப்பிளிடம் தனியாகக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். தெரிந்த தோட்டங்களுக்கு மட்டும் கொடுக்கும் எங்களுக்கு இதுதான் பொருந்தியது.

கணக்கை யார் பெயரில் திறப்பது என்பது இதையெல்லாம் விடப் பெரிய முடிவு. ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். கட்டாமல் விட்டால் ஆப் ஸ்டோரிலிருந்து மறையும். தனி உரிமையாளர் கடை என்றால் ஆப்பிள் அதைத் தனிநபராகத்தான் சேர்க்கும், விற்பவர் பெயராக ஆளின் பெயரே வரும். நிறுவனக் கணக்குக்குச் சட்டப்படி தனி அமைப்பும் நிறுவனத்தை அடையாளம் காட்டும் டன்ஸ் எண்ணும் வேண்டும். தனிநபர் கணக்கில் கூட்டாளியைச் சேர்த்தாலும் சான்றிதழ், ஐடி பகுதிக்குள் அவரால் நுழைய முடியாது. நாங்கள் இருவரும் எல்எல்பி என்ற கூட்டாண்மை அமைப்பைப் பதிந்து பிறகு நிறுவனக் கணக்குக்குப் போனோம், இரு ஸ்டோரிலும். செலவும் தாமதமும் இருந்தது. ஆனால் எங்களில் ஒருவர் நாளை விலகினாலும் ஆப் நிற்காது.

வாடிக்கையாளர் தனக்கென்றே ஆப் கேட்டால், அவர் கணக்கில்தான் போட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் கணக்கில் போட்டுப் பிறகு மாற்றிக் கொடுக்கலாமே என்பார்கள். முடியும். பெயர் மாறாது, விமர்சனங்களும் கூடவே போகும். ஆனால் ஆப்பிளில் கணக்கின் அடையாளமான டீம் ஐடி மாறுவதால் கீசெயினில் சேமித்தவை கிடைக்காது, எல்லோரும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். புஷ் சாவியை மாற்ற வேண்டும். சிக்னல் இல்லாத தோட்டத்தில் மறுபடி லாகின் என்பது சின்ன விஷயமில்லை.

கடைசியாக, என்னைப் போல ஏற்கெனவே டீபக் சாவியில் பரப்பிவிட்டவர்களுக்கு. உங்கள் ஏபிகேயை ஏபிகே சைனர் கருவியில் கொடுத்துச் சான்றிதழைப் பாருங்கள். “ஆண்ட்ராய்ட் டீபக்” என்று வந்தால் அந்தக் கணினி உயிரோடு இருக்கும்போதே, உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோல்டரிலிருந்து டீபக் கீஸ்டோரைப் பிரதி எடுங்கள். பிறகு இரண்டு வழி. பழைய பெயரையே வைத்துக்கொண்டு ஒரு நாளில் அழித்துப் புதிதாகப் போடுவது ஒன்று. புதுப் பெயரில் புது ஆப் போட்டு, இரண்டையும் கொஞ்ச நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது இன்னொன்று. முதலாவதில் பெயர் மிஞ்சும், ஆனால் கணக்கு முழுக்கச் சர்வருக்கு வந்ததா என்று பார்க்காமல் யாராவது அழித்துவிடுவார்கள். இரண்டாவதில் பழைய பெயரை இழக்கிறோம், கணக்கை இழப்பதில்லை.

நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். செத்துப் போன லேப்டாப்பின் டிஸ்கைக் கழற்றி, தேனியில் ஒரு கடையில் கொடுத்து, பழைய கீஸ்டோரை மீட்டோம். அதால் கையெழுத்திட்டு ஒரு கடைசிப் பதிப்பு. அதில் புதிதாக எதுவும் இல்லை, சர்வருக்குப் போகாத எடை எத்தனை பாக்கி என்று பெரிய எழுத்தில் காட்டும், அவ்வளவுதான். பிறகு பிளேயிலிருந்து புது ஆப். ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் போடும்போது நண்பர் ஒரு தோட்டத்துக்குப் போய், பழைய ஆப்பில் பாக்கி பூஜ்யம் என்று பார்த்து, கங்காணியின் நோட்டோடு கூட்டுத்தொகையை ஒப்பிட்டு, அதன்பின் அழித்தார். கடைசியாக அழித்தது அந்த வண்டன்மேட்டுக் கணக்குப்பிள்ளையின் போனில். இந்த முறை அவரே நோட்டை எடுத்து வந்து, வரி வரியாக விரல் வைத்துப் பார்த்து, “சரியா இருக்கு தம்பி, இப்ப அழிங்க” என்றாராம்.